பதிவு முன்னால் ஓடட்டும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: இணைய வானொலியில் நேரலையாக வரும் ஒலியைப் பதிவு செய்துகொண்டே, அதைக் கொஞ்ச நேரம் தள்ளிக் கேட்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஸ்பூல் டேப் காலத்திலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்தவன் நான். கருவிகள் எல்லாம் மாறிவிட்டன, ஆனால் அங்கே முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. பதிவு ஒரு வேலை, கேட்பது வேறு வேலை. கேட்பவர் நிறுத்தலாம், பின்னால் போகலாம், தூங்கியும் போகலாம். அது எதுவும் பதிவைத் தொடக்கூடாது. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

கேள்வி: வாரம் ஒரு முறை இணைய வானொலியில் இரண்டு மணி நேர நேரலை இசை நிகழ்ச்சி வருகிறது. வேலை முடிந்து நான் வந்து சேர்வதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. கணினியில் பதிவு தானாகத் தொடங்க ஏற்பாடு செய்துவிட்டேன். ஆனால் வந்தவுடன் ஆரம்பத்திலிருந்து கேட்கலாம் என்று கோப்பைத் திறந்தால், 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்கிறது. வேறு மென்பொருளில் முயன்றால் 'படிக்க முடியவில்லை' என்கிறது. பதிவு முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஆனால் உங்களுக்கு வந்த இரண்டு செய்திகளுக்கும் காரணம் வேறு வேறு. அதைத் தனித்தனியாகப் பார்த்துவிடுவோம்.

'பயன்பாட்டில் உள்ளது' என்பது பூட்டு. விண்டோஸில் ஒரு மென்பொருள் கோப்பைத் திறக்கும்போதே 'வேறு யாரும் இதைத் தொடக்கூடாது' என்று கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். உங்கள் பதிவு மென்பொருள் அப்படித்தான் செய்கிறது. இதற்கு மருந்து, பதிவு மென்பொருளை மாற்றுவதுதான். லினக்ஸிலும் மேக்கிலும் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை இன்னொருவர் படிப்பதற்குப் பொதுவாகத் தடை இருக்காது.

'படிக்க முடியவில்லை' என்பது கோப்பின் அமைப்பு சம்பந்தப்பட்டது. எம்4ஏ, எம்பி4 வகைக் கோப்புகளில், எந்த ஒலித்துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. சாதாரணமாக அதைப் பதிவு முடிந்த பிறகுதான் எழுதுவார்கள். அட்டவணை இல்லாத கோப்பு பிளேயருக்கு வெறும் பைட் குவியல். பாதியில் மின்சாரம் போய்விட்டால் மொத்தப் பதிவும் திறக்காமல் போவதற்கும் இதுவே காரணம். எம்பி3 அப்படி அல்ல. அது ஃபிரேம் எனப்படும் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாக வருகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு ஃபிரேம் சுமார் 26 மில்லி விநாடி. ஒவ்வொன்றும் தன் தலைப்பில் தன்னைப் பற்றிய விவரத்தைச் சுமந்து வருகிறது. வானொலிகள் அனுப்பும் ஏஏசி ஒலியும் பெரும்பாலும் இதே போல ஏடிடிஎஸ் என்ற உறையில்தான் வருகிறது. இப்படிப்பட்ட கோப்பை எந்த இடத்தில் வெட்டினாலும், எழுதிய வரைக்கும் கேட்கலாம். அதனால் நிலையம் எதை அனுப்புகிறதோ அதையே அப்படியே வட்டில் இறக்குங்கள். எம்4ஏ-வாக மாற்றிச் சேமிக்கும் ஆசை இருந்தால், அதை நிகழ்ச்சி முடிந்த பிறகு செய்துகொள்ளலாம்.

அப்படியே இறக்குவதற்கு நான் பயன்படுத்துவது எஃப்எஃப்எம்பெக். 2000-ம் ஆண்டு ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய இலவச மென்பொருள். கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளை வரியில்தான் ஓடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றுதான்: ஒலி வரும் முகவரி, 'காப்பி' என்ற சொல், எழுத வேண்டிய கோப்பின் பெயர். 'காப்பி' என்று சொல்லிவிட்டால் ஒலியைப் பிரித்து மறுபடி சுருக்காது, வந்த பைட்டுகளை அப்படியே எழுதும். தரம் துளியும் குறையாது, பழைய மடிக்கணினிகூட இந்த வேலையை உணராது. இன்னொரு பெரிய லாபம், அது சத்தமே போடாது. ஸ்பீக்கர் பக்கமே போகாமல் பதிவு செய்யும் மென்பொருளை யாரும் தவறுதலாக 'பாஸ்' செய்துவிட முடியாது.

கட்டளை வரி வேண்டாம் என்றால் விஎல்சி என்ற பிளேயர் இருக்கிறது. நெட்வொர்க் ஸ்ட்ரீமாக முகவரியைத் திறந்து, வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸை வரவழைத்தால் சிவப்பு வட்டம் ஒன்று தெரியும், அதுதான் பதிவு பொத்தான். அதன் பிறகு அந்த விஎல்சியை ஊமையாக்கிவிட்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். கேட்பதற்கு வேறொரு பிளேயரைத் திறந்து, வளர்ந்துகொண்டிருக்கும் கோப்பை அதில் போடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். சில பிளேயர்கள் கோப்பைத் திறந்த கணத்தில் அதன் நீளத்தைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்கின்றன. நீங்கள் திறந்தபோது 30 நிமிடம் இருந்தது என்றால், 30-வது நிமிடத்தில் 'முடிந்தது' என்று நின்றுவிடும், கோப்பு அதற்குள் ஒரு மணி நேரமாக வளர்ந்திருந்தாலும். திரும்பத் திறந்து விட்ட இடத்துக்கு நகர்த்தினால் போதும் என்றாலும், நல்ல இசைக்கு நடுவில் அது எரிச்சல். எனக்குப் பிடித்த வழி, பதிவையே பத்துப் பத்து நிமிடக் கோப்புகளாக வெட்டிக்கொண்டே போவது. எஃப்எஃப்எம்பெக்கில் செக்மென்ட் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. முடிந்த கோப்புகளை யாரும் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள், நீளமும் மாறாது. வரிசையாகப் பிளேலிஸ்டில் போட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம், புதுசு முடிய முடியச் சேர்த்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் பின்தங்கி வரும் உங்களுக்கு இது கச்சிதமாக இருக்கும்.

வெட்டிய இடத்தில் லேசாக ஒரு 'டிக்' கேட்கலாம். எம்பி3-யில் ஒரு ஃபிரேமுக்கான தகவலில் கொஞ்சம் அதற்கு முந்தைய ஃபிரேமின் மிச்ச இடத்தில் ஏறி வருவது உண்டு. புதுக் கோப்பின் முதல் ஃபிரேமுக்கு அந்த முந்தைய துண்டு கிடைக்காது. கோப்புகளை வரிசை மாறாமல் ஒன்றின் வாலில் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாக்கினால் அந்த 'டிக்'கும் போய்விடும். அதனால் பாதுகாத்து வைக்க நினைக்கும் பதிவை மட்டும் கடைசியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பதிவு ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எட்டிக் கேட்க வேண்டியதில்லை. விநாடிக்கு 128 கிலோபிட் வரும் ஒலி என்றால் விநாடிக்கு 16 கிலோபைட், நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு, மணிக்கு 57.6 மெகாபைட். கோப்பின் அளவு அந்த வேகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் கோப்புப் பட்டியல் சில நேரம் பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? நேரலை ஓடும்போது பிளேயரில் 'பாஸ்' அழுத்திவிட்டு, வந்து மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடராதா?

ஒரு நிமிடத்துக்கு உள்ளே என்றால் பல சமயம் தொடரும். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

நீங்கள் பாஸ் செய்ததும் சாதாரணப் பிளேயர் தன்னிடம் உள்ள சிறிய இடத்தை நிரப்பிக்கொண்டு, 'இனி வேண்டாம்' என்று நிற்கும். அந்தப் பக்கம் சர்வரில் உங்களுக்கு அனுப்ப வேண்டியது சேரத் தொடங்கும். பல நிலையங்கள் பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் சர்வரில், நேயர் எவ்வளவு பின்தங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அமைப்பை யாரும் மாற்றாமல் விட்டால் அது 5,24,288 பைட். 128 கிலோபிட் ஒலியில் அது சுமார் 33 விநாடிதான். அதைத் தாண்டினால் சர்வர் உங்களைக் கழற்றிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடும். அதன் மேல் கோபப்பட முடியாது, ஆயிரம் பேர் பாஸ் செய்துவிட்டுப் போனால் அத்தனை பேருக்கும் அது எங்கே சேர்த்து வைக்கும்?

எச்எல்எஸ் முறையில் வரும் ஒலி கொஞ்சம் வேறு. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த முறை இது. முகவரி எம்3யு8 என்று முடிந்தால் பெரும்பாலும் இதுதான். இதில் ஒலி சில விநாடித் துண்டுகளாகச் சர்வரில் கிடக்கும், பிளேயர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்ளும். நிலையம் பழைய துண்டுகளை மூன்று மணி நேரம் வைத்திருந்தால் மூன்று மணி நேரம் பின்னால் போகலாம். ஒரு நிமிடம்தான் வைத்திருந்தால் ஒரு நிமிடம்தான். அந்த முடிவு முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சி உங்களுக்கு முக்கியம் என்றால், அதை அவர்கள் கையில் விடாதீர்கள்.

கேள்வி: நான் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், கணினியில் ஒலிப்பதை அப்படியே பதிவு செய்கிறேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பகுதியைக் கேட்டேன். பிறகு பார்த்தால் பதிவில் நேரலையும் நான் கேட்டதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடக்கிறது. இதைப் பிரிக்க முடியுமா?

பிரிக்க முடியாது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் கலந்த ஒலியிலிருந்து இதை இது, அதை அது என்று சுத்தமாக எடுக்க வழி இல்லை.

நீங்கள் செய்தது லூப்பேக் பதிவு. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை வழியில் மடக்கிப் பிடிப்பது. ஸ்பீக்கருக்கு என்னென்ன போகிறதோ அத்தனையும் அதில் விழும்: நீங்கள் கேட்கும் பழைய பகுதி, மின்னஞ்சல் வந்த மணிச்சத்தம், எல்லாமே. தள்ளிக் கேட்பதற்கும் லூப்பேக்குக்கும் அடிப்படையிலேயே ஒத்துவராது. சுருக்கி வந்த ஒலியை விரித்து, பதிவு செய்து, மறுபடி சுருக்கும்போது தரமும் ஒரு படி இறங்கும். நேரடி முகவரி கிடைத்தால் முதல் பதிலில் சொன்ன வழிக்கு மாறிவிடுங்கள்.

முகவரி கிடைக்கவில்லை, உலாவியில் மட்டும்தான் ஒலிக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. விண்டோஸில் லூப்பேக் ஒரு குறிப்பிட்ட ஒலிக்கருவியைத்தான் பிடிக்கும். கணினியோடு வந்த ஒலிக்கருவிக்கு நேரலையை அனுப்பி அதைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் கேட்பதை ஒரு யுஎஸ்பி ஹெட்போனுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு மென்பொருளின் ஒலியும் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று விண்டோஸ் 10-லிருந்து தனித்தனியாக அமைக்கலாம். இரண்டு பாதையும் பிரிந்துவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழாது. மணிச்சத்தங்களையும் ஹெட்போன் பக்கம் தள்ளிவிடுங்கள்.

நீளமான பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேவ் கோப்பில் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட்தான், 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதில் எழுத இடம் கிடையாது. சிடி தர ஸ்டீரியோவில் ஆறே முக்கால் மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிடும். இரவு முழுக்க ஓடும் பதிவுக்கு அது போதாது.

கேள்வி: எங்கள் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வரும். ஒரு மணி நேரம் தள்ளிக் கேட்டால் தடங்கல் இல்லாமல் கேட்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்து பார்த்தேன். ஆனாலும் நடுநடுவே ஒலி காணாமல் போகிறது. ஏன்?

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. இணைப்பு தடுமாறும்போது ஒலி கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தால், தள்ளிக் கேட்பவருக்கு அது தெரியாது. ஆனால் இணைப்பு முழுசாக அறுந்து மூன்று நிமிடம் கழித்து வந்தால், அந்த மூன்று நிமிடம் உங்கள் வட்டுக்கே வரவில்லை. வராததை எவ்வளவு தள்ளிக் கேட்டாலும் கேட்க முடியாது. ஐஸ்காஸ்ட் மாதிரியான ஒலி ஓட்டத்தில் (ஸ்ட்ரீம்) விட்டதைத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு கிடையாது.

சின்ன அறுப்புகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு. புதிதாக வரும் நேயருக்கு உடனே ஒலி தொடங்க வேண்டும் என்பதற்காக, சர்வர் கடந்துபோன கொஞ்ச ஒலியை ஒரே மூச்சில் தள்ளிவிடும். ஐஸ்காஸ்டில் இது வழக்கமாக 64 கிலோபைட், அதாவது 128 கிலோபிட்டில் சுமார் 4 விநாடி. அதனால் இரண்டு மூன்று விநாடி அறுந்து உடனே இணைந்துகொண்டால், விடுபட்டது பெரும்பாலும் வந்துவிடும். சில விநாடி இரண்டு முறையும் கேட்கலாம். விட்டுப்போவதைவிட அது மேல். இதற்காகத்தான் பதிவு மென்பொருள் தானாக மறுபடி இணையும்படி அமைத்திருக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் 'ரீகனெக்ட்' வகையில் சில தேர்வுகள் இருக்கின்றன. அவற்றைப் போடாவிட்டால் ஒரு அறுப்பில் பதிவே முடிந்துவிடும்.

பெரிய அறுப்புகளுக்கு ஒரே வழிதான் தெரியும். வேறொரு இணைப்பில் இன்னொரு பதிவு. ஒன்று வீட்டு இணைப்பில் ஓடட்டும், இன்னொன்று அலைபேசி இணைப்பில் ஓடட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அறுவது அரிது. திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சி என்றால் நான் இரண்டு பதிவு இல்லாமல் உட்காருவதே இல்லை. ஒலிக்கூடத்திலும் முக்கியமான குரல் வந்தால் இரண்டு இயந்திரங்களை ஓடவிடுவோம்.

கேள்வி: பதிவில் சரியாக விநாடிக்கு ஒரு முறை 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறது. நேரலையாகக் கேட்டால் இல்லை. ஸ்பீக்கர் பழுதா?

ஸ்பீக்கர் பழுதில்லை. சரியாக விநாடிக்கு ஒன்று என்று நீங்கள் கவனித்து எழுதியதுதான் விடையைக் கொடுத்தது.

பாட்டின் பெயர் பிளேயரில் ஓடுகிறது அல்லவா? அது ஒலியின் நடுவிலேயே செருகப்பட்டு வருகிறது. பிளேயர் 'பாட்டின் விவரமும் வேண்டும்' என்று கேட்டால், சர்வர் குறிப்பிட்ட பைட்டுக்கு ஒரு முறை, பல நிலையங்களில் 16,000 பைட்டுக்கு ஒரு முறை, விவரத்தை நுழைக்கும். முதலில் அதன் நீளத்தைச் சொல்லும் ஒரு பைட், பிறகு பெயர். பெயர் மாறவில்லை என்றால் வெறும் சுழியம் ஒன்று மட்டும். நல்ல பிளேயர் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மீதியை ஒலியாக்கும். உங்கள் பதிவு மென்பொருள் விவரம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, வந்ததைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் கோப்பில் கொட்டுகிறது. 128 கிலோபிட்டில் 16,000 பைட் என்பது மிகச் சரியாக ஒரு விநாடி. விநாடிக்கு ஒரு ஃபிரேம் கெடுகிறது.

அமைப்பில் 'மெட்டாடேட்டா' என்பதை அணைத்துவிடுங்கள், இல்லை மென்பொருளை மாற்றுங்கள். ஏற்கெனவே கெட்ட பதிவையும் காப்பாற்றலாம். ஆரம்பத்திலிருந்து முழுதாக இருக்கிறது என்றால், நிரல் எழுதத் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள். 16,000 பைட் எண்ணி, அடுத்த பைட்டைப் படித்து, அதை 16-ஆல் பெருக்கி வரும் நீளத்தை நீக்கிக்கொண்டே போனால் போதும். சில வரி நிரல்தான். அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் இருக்கும் இடத்துக்கும் எனக்குப் பிடித்த நிலையத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஆறு மணிக்கு வரும் இசையை நான் இங்கே காலை ஆறு மணிக்கே கேட்க வேண்டும். தினமும், நானாக எதுவும் செய்யாமல்.

அழகான ஆசை. விடியற்காலை இசையை இரவு எட்டரைக்குக் கேட்பதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று நினைக்கும் கட்சி நான்.

ஒலிக்கூடத்தில் தாமதம் வேண்டும் என்றால் இரண்டு ஸ்பூல் இயந்திரங்களை அருகருகே வைப்போம். ஒன்றில் பதிவாகும் டேப் அங்கேயே சுற்றாமல் நடந்து போய் அடுத்த இயந்திரத்தில் ஒலிக்கும். விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 7 விநாடித் தாமதம் வேண்டுமென்றால் நடுவே 133 சென்டிமீட்டர் டேப் இருக்க வேண்டும். நேரலையில் யாராவது வாய் தவறிப் பேசினால் தடுக்க அந்த ஏழு விநாடி போதும். உங்களுக்கு வேண்டியது அதே டேப், ஒன்பதரை மணி நேர நீளத்தில். வட்டில் அது 128 கிலோபிட் ஒலிக்கு சுமார் 547 மெகாபைட்தான்.

செய்முறை இது. நாள் முழுக்க ஓடும் ஒரு பதிவு, பத்து நிமிடக் கோப்புகளாக. கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் வரட்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட கோப்புகளைத் தானாக அழிக்கும் ஒரு சின்ன வேலையை குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் மென்பொருள் (லினக்ஸில் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர்) மூலம் வைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் சேர்ந்தாலும் 1.4 ஜிகாபைட்டைத் தாண்டாது. காலை ஆறு மணிக்கு இன்னொரு வேலை எழுந்து, ஒன்பதரை மணி நேரத்துக்கு முந்தைய கோப்பிலிருந்து பிளேலிஸ்ட் அமைத்து ஒலிக்கத் தொடங்கும். நாள் முழுதும் வேண்டாம், அந்த நிகழ்ச்சி மட்டும் போதும் என்றால் அதன் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இணைய ஓட்டம் வானலையைவிட அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கி வருவது சகஜம். எச்எல்எஸ் பிளேயர் கடைசித் துண்டிலிருந்து தொடங்காமல் குறைந்தது மூன்று துண்டு பின்னால் நின்றுதான் தொடங்கும்.

கோப்புப் பெயரில் உள்ளூர் நேரத்தைப் போடாதீர்கள், உலகம் முழுக்க ஒன்றாக இருக்கும் யுடிசி நேரத்தைப் போடுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் நாட்டில் நீங்களோ நிலையமோ இருந்தால், அந்த ஒன்பதரை பத்தரையாகவோ எட்டரையாகவோ மாறும். கடிகாரம் பின்னால் போகும் இரவில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்து, புதியது பழையதை அழித்துவிடும். யுடிசி எந்த இரவிலும் பின்னால் போகாது.

இன்னொரு நல்ல செய்தி. நிலையத்தின் ஒலிக்கருவியில் உள்ள குவார்ட்ஸ் படிகமும் உங்கள் கணினியில் உள்ளதும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்தால் நாளுக்கு 4.3 விநாடி. நேரலையாக நாள் முழுக்கக் கேட்பவருக்கு எப்போதாவது ஒரு நொடி ஒலி திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வட்டிலிருந்து கேட்கும் உங்களை அது தொடாது.

கேள்வி: அரை மணி நேரம் பின்னால் கேட்கத் தொடங்கி, வேகத்தைக் கூட்டி நேரலையைப் பிடித்துவிட முடியுமா?

முடியும், கணக்கு எளிது. 1.25 மடங்கு வேகத்தில் ஒவ்வொரு நிமிடமும் கால் நிமிடம் லாபம். அரை மணி நேரத்தைப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். 1.5 மடங்கு என்றால் ஒரு மணி நேரம். இரண்டு மணி நேர நிகழ்ச்சியை 1.25-ல் கேட்டால், அது முடிந்து 6 நிமிடத்தில் நீங்களும் முடித்துவிடுவீர்கள்.

பேச்சுக்கு இது சரி. சுருதி மாறாமல் வேகம் கூட்டுவது இப்போது பெரும்பாலான பிளேயர்களில் இருக்கிறது. இசைக்குச் செய்யாதீர்கள். தாளக்கருவியின் ஒவ்வொரு அடியும் மழுங்கும், பாடுபவர் எடுத்துக்கொண்ட மூச்சும் நிதானமும் போய்விடும். நேரலையை முழுசாகத் தொடுவதும் வேண்டாம். எழுதும் முனையை எட்டிவிட்டால் பிளேயர் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும், ஒரு நிமிட இடைவெளி விடுங்கள்.

கேள்வி: இப்படிப் பதிவு செய்வது சட்டப்படி சரியா?

பின்னால் கேட்பதற்காகப் பதிவு செய்வது பழைய வழக்கு. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பிறகு பார்க்கப் பதிவு செய்வது நியாயமான பயன்பாடு என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நிலையங்களின் நிபந்தனைகளும் உண்டு. படித்துவிட்டுத் தொடங்குங்கள். பதிவை மற்றவர்களுக்கு அனுப்புவதும் இணையத்தில் ஏற்றுவதும் முற்றிலும் வேறு விஷயம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சேர வேண்டியது அதில் போகிறது, அதற்கு நான் உதவமாட்டேன். பூட்டிய ஓட்டத்தை உடைப்பதற்கு வழி கேட்டு எழுதிய வாசகருக்கும் இதே பதில்.

கேள்வி: அலைபேசியில் பதிவு செய்கிறேன். திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பதிவு நின்றுவிடுகிறது.

பேட்டரியைச் சேமிக்க ஆண்ட்ராய்டு பதிவுச் செயலியைத் தூங்க வைக்கிறது. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, சார்ஜரில் போட்டுவிடுங்கள். பதிவு ஓடும்போது மேலே ஓர் அறிவிப்பு நிலையாக நின்றுகொண்டே இருக்கும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறிவிப்பு இருக்கும் செயலியைத்தான் ஆண்ட்ராய்டு எளிதில் நிறுத்தாது. கணினி என்றாலும் தூங்கும் நேரத்தையும், தானாக ரீஸ்டார்ட் ஆகும் அப்டேட்டையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. அவருக்கு வானொலிதான் துணை. நேரலை உரைகளை ஆழ்ந்து கேட்பார். நடுவில் எழுந்து போனாலோ, ஒரு வரி சரியாகக் காதில் விழாவிட்டாலோ, அதைத் திரும்பக் கேட்க முடியவில்லையே என்று வருந்துகிறார். திரையைப் பார்த்து இயக்குவது அவரால் ஆகாது. ஏதாவது செய்ய முடியுமா?

கட்டாயம் முடியும். இந்த இதழில் நான் அதிக நேரம் செலவழித்த கடிதம் இதுதான்.

எம்பிவி என்ற இலவச பிளேயரை வையுங்கள். நேரலையைத் திறந்தாலும் கேட்டு முடித்த பகுதியைக் கொஞ்சம் தன் நினைவிலேயே வைத்திருக்கும், பாஸ் செய்தாலும் பின்னால் வருவதைச் சேர்த்துக்கொண்டே போகும். இரண்டுக்குமான அளவை அமைப்புக் கோப்பில் கூட்டிக்கொள்ளலாம். முகவரியைக் கொடுத்தால் கணினி தொடங்கியதும் தானாக ஒலிக்கும்படி செய்யலாம், திரையில் எதையும் தேட வேண்டாம். விசைப்பலகையில் ஸ்பேஸ் பார் அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து வரும். இடது அம்புக்குறி 5 விநாடி பின்னால் போகும், கீழ் அம்புக்குறி ஒரு நிமிடம். ஒரு வரியைத் திரும்பக் கேட்க 5 விநாடி போதாது என்று அவர் சொல்லலாம். அமைப்பில் அதை 15 ஆக்கிவிடுங்கள். அவருக்கு வேண்டாத விசைகள் எல்லாவற்றையும் செயலிழக்கச் செய்யவும் அங்கேயே இடமிருக்கிறது. கை தவறி எதையோ அழுத்தி ஒலி நின்றுபோகும் பயம் இருக்காது.

இதோடு, அதே கணினியில் எஃப்எஃப்எம்பெக் தனியாகப் பதிவு செய்துகொண்டிருக்கட்டும். பிளேயர் நினைவில் வைத்திருப்பதெல்லாம் கணினியை அணைத்தால் போய்விடும். அவர் தூங்கிவிட்ட உரையை மறுநாள் போட்டுக் கொடுக்க உங்களுக்கு அந்தப் பதிவு வேண்டும்.

விசைப்பலகை பெரிதாக, அம்புக்குறிகள் மற்ற விசைகளிலிருந்து விலகி இருப்பதாக வாங்குங்கள். இடது அம்பின் மேலும் கீழ் அம்பின் மேலும் விரல் பட்டால் தெரியும்படி வெவ்வேறு வடிவில் சிறு ஒட்டிகள் ஒட்டுங்கள். எது எந்த வடிவம் என்று அவரே சொல்லட்டும். ஒரு வாரம் அவர் பயன்படுத்திய பிறகு, எந்த விசை தொந்தரவாக இருக்கிறது, எத்தனை விநாடி சரியாக இருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டிய வரிகளை உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.